அக்கரைக்காரருக்கு நான் சொல்லிக்கொடுக்காத தொழில்

முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று பெயர். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. அதில் குழப்பம் இல்லை. ஆபீஸ் எங்கே இருந்தது என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேங்காய்ப்பட்டணம் போகும் ரோட்டோரம் நான் வேலைபார்த்த அண்டியாபீஸில் நாலைந்து ஓலைச் சாய்ப்புகள், அதாவது கொட்டகைகள், உண்டு, வானம் கறுக்கப் புகைவிடும் வறுப்பு உருளை ஒன்று உண்டு, விடிந்ததும் வந்து பொழுது சாயப் போகும் பெண்கள் பெருங்கூட்டம் உண்டு. ஆபீஸைக் காட்டு என்றால் ஒரு மேசையையும் நாற்காலியையும் காட்டலாம். நாற்காலியில் முதலாளி இருப்பார். அவர் எழுந்து போனால் நான் இருப்பேன்.

நாடு சுதந்திரம் வாங்கி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மதாம்மா கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் என் கையில் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் அமையவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் சபையில் பேசிக்கொண்டார்கள். கப்பல்காரர்களுக்கும் கொச்சித் தரகர்களுக்கும் இங்கிலீஷில் எழுத முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டார், போனேன். பெண்கள் என்னை டீச்சர் என்று அழைத்தார்கள். படித்த பெண் வேறு என்னவாக இருக்க முடியும்? நானோ ஒரு நாளும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவள் இல்லை. இனிச் சொல்லப்போவதற்கு இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

அண்டியாபீஸில் கண்டிப்பான சட்டம் ஒன்றே ஒன்றுதான். பருப்பு கேட்டைத் தாண்டக் கூடாது. சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் கேட்டருகில் வரிசையாக நிற்பார்கள். சோதனைக்காரி ஒருத்தி முந்தானையை உதறச் சொல்லுவாள், கொண்டையைத் தடவுவாள், கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாள். பல்லிடுக்கில் வெள்ளையாக ஏதேனும் தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. என் வாயையும் பார்ப்பார்கள். இங்கிலீஷ் பேசும் நாக்கு என்று தனிச் சலுகை கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்துக் கொட்டையை அடுப்பில் சுட்டு, கரியும் ஓடுமாகக் குத்தித் தின்ற ருசி எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோல் போய், வெள்ளைவெளேரென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் கப்பலேறுகிற முழுப்பருப்பு வேறு சாதி. நாளெல்லாம் அதைக் கையில் எடுத்தவர்கள் ஒருவரும் வாயில் போட்டதில்லை. என் அடுத்த வீட்டு அக்கா அங்கே நெடுநாளாக வேலை செய்தவள். வீட்டில் என்னை ஏட்டி என்பாள், அண்டியாபீஸுக்குள் டீச்சர் என்பாள். புருஷன் இல்லை, சின்ன மகள் ஒருத்தி. கப்பலேறுகிற பருப்பு எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளை நச்சரிக்கும்போதெல்லாம், "நம்ம அடுப்புல சுட்டதும் அதுவும் ஒரே ருசியாக்கும், ஒரு வித்தியாசமும் கெடையாது" என்று அக்கா அடித்துச் சொல்லுவாள். அவள் தின்று பார்த்ததில்லை என்பது பிள்ளைக்குத் தெரியாது.

நம்மூர் அண்டி மழைக்காலத்தோடு தீர்ந்துவிடும். அதற்குமேல் வேலை நடக்க ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் மூட்டை வர வேண்டும். வந்ததைக் கொல்லத்துப் பெரிய முதலாளிகள் அள்ளிக்கொண்டு, மிச்சம் மீதியைத்தான் எங்களுக்கு விடுவார்கள். மிச்சமும் இல்லாத மாசங்களில் சாய்ப்பு பூட்டிக்கிடக்கும். பெண்களின் வீட்டில் கறி இல்லாமல் வெறும் மரச்சீனிக்கிழங்கு வேகும். நேராக ஆப்பிரிக்காவிலிருந்தே மூட்டை வரவழைக்க வேண்டும் என்பது முதலாளியின் தீராத ஆசை.

அந்த ஆசையின் பலனாக ஒரு நாள் ஆப்பிரிக்காவிலிருந்தே ஒருவர் வந்து இறங்கினார். கிழக்குக் கரையில் ஏதோ ஒரு சின்ன ஊரில் கொட்டை வாங்கி விற்கும் சிறு வியாபாரி. நாற்பது வயதிருக்கும். நெடிய உருவம், வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, நிறுத்தி நிதானமாகப் பேசும் இங்கிலீஷ். முதலில் கொல்லத்துக்குத்தான் போயிருக்கிறார். அங்கே எந்த அண்டியாபீஸும் அவருக்குக் கேட்டைத் திறக்கவில்லை. தரகர் ஒருவர் எங்கள் பக்கம் கைகாட்டி அனுப்பிவிட்டார். நேரடியாக மூட்டை அனுப்ப அவருக்குச் சம்மதம். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். முழுப்பருப்பு எடுக்கும் தொழிலைப் படித்துக்கொண்டு போய், தன் ஊரில் ஒரு சின்னச் சாய்ப்பு போட்டு, பத்துப் பெண்களை வைத்து நடத்த வேண்டும். முதலாளி உடனே ஒத்துக்கொண்டார். எதற்கு ஒத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கரைக்காரர் என்று அவருக்கு ஊரே பெயர் வைத்துவிட்டது. வரவேற்புக் கூட்டம் போட்டு மாலை போட்டோம். முதலாளி நெஞ்சு நிமிர்த்திப் பேசினார்.

"நம்மளும் வெள்ளைக்காரனுக்கு அடிமையாக் கெடந்தோம், அவங்க இன்னும் கெடக்காங்க. ஒரே கடலுக்க ரெண்டு கரையில நிக்கிய சகோதரங்களாக்கும் நம்ம. நமக்குத் தெரிஞ்ச தொழில நம்ம சகோதரனுக்குப் படிப்பிச்சுக் குடுக்கணும்."

ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அக்கரைக்காரரின் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. அப்போது எனக்கு வயது அவ்வளவுதான்.

மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு முதலாளி என்னைத் தனியே அழைத்தார்.

"பிள்ளே, சகோதரன்தான். இல்லைண்ணு நான் பறயல்ல. ஆனா வறுப்புச் சாய்ப்புக்குள்ள ஆளு காலு வைக்கப்பிடாது."

"தொழில் படிக்கத்தானே வந்திருக்காரு, முதலாளி?"

"படிச்சுட்டாருண்ணா நமக்கு எதுக்கு மூட்டை அனுப்புவாரு? அங்கேயே ஒடச்சுப் பருப்பா வித்துருவாரு. நம்ம சாய்ப்புல பின்ன என்னத்த வறுக்க, என்னத்த ஒடைக்க? தொழிலப் பத்தி நீ அவருகிட்ட இங்கிலீஷுல ஒரு வார்த்தை பேசப்பிடாது. கேட்டியா?"

கேட்டேன். கேட்கும்போது நியாயமாகவும் இருந்தது. மூட்டை நின்றால் முதலாளிக்குக் கொஞ்சம் கஷ்டம், பெண்களுக்குப் பட்டினி.

அவர் வறுப்புச் சாய்ப்பைப் பூதம் காப்பதுபோலக் காத்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவர் தொழில் படித்த விதம் அப்படி. வாலிபத்தில் கொல்லத்து அண்டியாபீஸ் ஒன்றுக்கு விறகு ஏற்றிப்போகும் வண்டிக்காரராக இருந்தார். விறகை இறக்கும் சாக்கில் அங்கிருந்த வறுப்பு உருளையின் நீளம், சாய்வு, துளை எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து, நம்மூர்க் கொல்லனைக் கொண்டு அதேபோல் ஒன்று செய்துவிட்டார். இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். திருட்டு என்று அவருக்குத் தோன்றியதில்லை, சாமர்த்தியம் என்றே நினைத்தார். தான் கண்ணால் எடுத்துவந்ததை இன்னொருவர் கண்ணால் எடுத்துப் போய்விடுவாரோ என்பதுதான் பயம். அதனால் வறுப்புச் சாய்ப்பைச் சுற்றிச் சாக்குத் திரை கட்டினார். உள்ளே உருளை சுற்றினால் எழும்புகிற கரும்புகை பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தெரியும். உருளைதான் தெரியக் கூடாது.

வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டிப் பருப்பை எடுப்பதற்குத் தல்லு என்று பெயர். அது முழுக்கப் பெண்கள் வேலை. உருளை வந்த புதிதில் வெறும் நொறுக்காகவே வந்து முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், கொல்லத்திலிருந்து இரண்டு பெண்களை வரவழைத்து நம்மூர்ப் பெண்களுக்குத் தல்லுப் படிப்பித்ததும் ஊருக்கே தெரிந்த விஷயம். முதலாளி சொல்லும் கதையில் மட்டும் அந்தப் பகுதி வராது. மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மறந்தேபோய்விட்டார். பெண்கள் உட்கார்ந்து செய்வதெல்லாம் தொழில் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அக்கரைக்காரர் வறுப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டார். முதலாளி வாடகைக் கார் பிடித்து அவரைத் திற்பரப்பு அருவிக்கு அனுப்பினார். உருளையில் கொட்டை எவ்வளவு நேரம் சுற்றும் என்று கேட்டார். மூன்று கடலையும் பார்த்துவிட்டு வரட்டும் என்று கன்னியாகுமரிக்கு அனுப்பினார். தீ எவ்வளவு வேண்டும் என்று கேட்ட அன்று மறுபடி திற்பரப்பு. பேச்சுத்துணைக்கு நான், எனக்குத் துணையாக முதலாளியின் மனைவி, மூன்று பேருக்கும் கட்டுச்சோறு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தேங்காய்ப்பட்டணம் பள்ளிவாசலுக்குப் போனது ஒன்றுதான் அவராகக் கேட்டுப் போன இடம். அந்த வருஷம் திற்பரப்பில் அதிகமாகக் குளித்த மனிதர் அவராகத்தான் இருக்கும். ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"உங்கள் ஊரில் பருப்பைத் தண்ணீரிலிருந்தா எடுக்கிறீர்கள்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. அருவி நன்றாக விழுகிறது என்று பதில் சொன்னேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கும் கார் போகாது. அன்று பார்த்து முதலாளிக்குக் குழித்துறைக் கோர்ட்டில் வரப்புத் தகராறு ஒன்று. போகும்போது சொன்னார்: "ஆளத் தல்லுச் சாய்ப்புல இருத்து. பெண்ணுங்க வேலை செய்யியத வேடிக்கை பாத்துட்டு இருக்கட்டும். சாயா குடு. வறுப்புச் சாய்ப்புப் பக்கம் மட்டும் விட்ராத."

முதலாளி தல்லுச் சாய்ப்புக்குள் கால் வைத்தே வருஷக்கணக்காகியிருந்தது. இல்லாவிட்டால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெறுங்கையோடு யாரும் உட்காரக் கூடாது. சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர் கண் பட்டால் அன்று தட்டுகிற பருப்பெல்லாம் இரண்டாகப் போகும் என்று நம்பிக்கை. பருப்பு உடைந்தால் கூலி குறையும். ஆகவே இந்த விஷயத்தில் அவர்கள் விளையாடமாட்டார்கள். ஒருமுறை சோதிக்க வந்த சர்க்கார் இன்ஸ்பெக்டரின் கையிலேயே சுத்தியைத் திணித்து, ஒரு கொட்டையைத் தட்டவைத்த பிறகுதான் பேசவிட்டார்கள். முதலாளி அந்தப் பக்கம் வராததற்கும் அதுதான் காரணம்.

அக்கரைக்காரர் பலகையில் உட்கார்ந்ததும் சாய்ப்பு முழுக்கச் சுத்திச் சத்தம் நின்றது. எல்லோரும் அவர் வெறுங்கையைப் பார்த்தார்கள்.

"டீச்சர், அண்ணன் இப்பிடிச் சும்மா இருக்கப்பிடாது. ஒரு அண்டி தட்டச் சொல்லும்" என்றாள் அக்கா.

"தொழிலப் பத்தி இங்கிலீஷுல பேசப்பிடாதுண்ணு முதலாளி உத்தரவு."

"அப்ப நீரு பேசாண்டாம்" என்று சொல்லி, கல்லை அவர் முன்னால் தள்ளி, சுத்தியைக் கையில் கொடுத்தாள்.

அவர் கொட்டையைப் படுக்கவைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். கொட்டை சிதறியது. ஓட்டிலிருக்கும் கருப்பெண்ணெய் அவர் விரலில் தெறித்தது. பட்ட இடம் வெந்துபோகும் எண்ணெய் அது. சுத்தியைப் போட்டுவிட்டு அங்கியில் கையை அழுத்தி அழுத்தித் துடைத்தார். முகத்தில் வலி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் பெண்களுக்குத் தமிழில் சொன்னேன். தமிழில் பேசக் கூடாது என்று முதலாளி சொல்லவில்லை.

"எங்கள் ஊரிலும் நெருப்பில் சுட்டு உடைத்துத் தின்போம். தின்ன அது போதும். விற்பதற்கு முழுசாக வேண்டும். போன வருஷம் நானும் என் மனைவியும் வறுத்துத் தட்டிப் பார்த்தோம். முழுசாக ஒன்றும் தேறவில்லை. அவள் இரண்டு கையும் கொப்பளித்துத் தோல் உரிந்துபோயிற்று. வெகுநாள் நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். கை ஆறியதும் மறுபடியும் சுத்தியை எடுத்தாள். வேண்டாம், தொழில் தெரிந்தவர்களிடம் நான் போய்க் கேட்டுவருகிறேன் என்று தடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் ஒன்றும் தெரியாமல் திரும்பினால் அவள் மறுபடி தட்டுவாள். அவள் குணம் எனக்குத் தெரியும்."

அக்கா மெல்ல எழுந்து எண்ணெய்ச் சிரட்டையை எடுக்கப்போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, இவரு படிச்சுட்டாருண்ணா மூட்டை நிண்ணுபோவும். சாய்ப்பப் பூட்டிருவாங்க."

"எனக்கு அது தெரியாதா ஏட்டி? சாய்ப்பு பூட்டினா மொதல்ல பட்டினி கெடக்கியது நானும் எனக்க மகளுமாக்கும். ஆனா அங்க ஒருத்திக்க கை வெந்துபோச்சுண்ணு இவரு பறயுதாரு. அவ இனியும் தட்டுவாண்ணும் பறயுதாரு. சாம்பலத் தொட்டுத் தட்டுண்ணு ஒரு வாக்கு சொல்லாம இருந்துட்டு, ராத்திரி நான் எப்பிடிச் சோறு உண்ணுவேன்?"

என்னை டீச்சர் என்று அழைக்க அவள் மறந்துபோயிருந்தாள். முதலாளி சொன்னதும் நியாயம், அக்கா சொன்னதும் நியாயம். பிடித்த கையை விட்டுவிட்டேன்.

அக்கா அவர் விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்தாள், விரலிடுக்குகளிலும் விடாமல் தேய்த்தாள். பக்கத்திலிருந்த அடுப்புச் சாம்பலில் அந்தக் கையை அழுத்தி எடுத்தாள். ஒரு கொட்டையைச் சாம்பலில் புரட்டி, படுக்கவைக்காமல் விளிம்பு கல்லில் படும்படி நிறுத்தினாள். அடிக்கவில்லை, சுத்தி தன் கனத்தில் விழும்படி விட்டாள். திருப்பிவைத்து இன்னொரு தட்டு. ஓடு வாய் பிளந்தது, பருப்பு முழுசாக அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அவர் பருப்பைப் பார்க்கவில்லை. சாம்பலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அடுப்புச் சாம்பல்தானே?" என்று என்னைக் கேட்டார்.

நான் என் வாயைத் தொட்டுக்காட்டிக் கையை விரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்கள் வீட்டு அடுப்படியில் குவிந்துகிடக்கிறது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். சாம்பல் கையைக் கண்ணில் வைக்காதே என்று சாய்ப்பே கத்தியது. அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளி திரும்பிவந்து விசாரித்தார். தொழிலைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவருக்குப் பரம திருப்தி. அதற்குப் பிறகு அக்கரைக்காரர் வறுப்பைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டதால் திருப்தி இன்னும் கூடியது. திற்பரப்புக் கார்ச் செலவும் மிச்சம். "ஆளு பெண்ணுங்களுக்க கூட இருந்து கத கேட்டு அடங்கிட்டாரு, கொள்ளாம்" என்றார். ஆனாலும் ஜாக்கிரதை போகவில்லை. தினமும் சாயங்காலம் வாட்ச்மேனைக் கொண்டு விருந்தாளியையும் சோதிக்கச் செய்தார். பையைத் தடவினார்கள், தொப்பியை உதறினார்கள், செருப்பைத் தட்டினார்கள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவார். ஒரு நாளும் ஒரு பருப்புகூட அகப்படவில்லை.

கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. என்னதான் சாம்பல் தொட்டாலும் நாளாக நாளாக அந்த எண்ணெய் விரல்நுனியிலும் உள்ளங்கையிலும் கருங்கறையாக ஏறிவிடும். பெண் பார்க்க வருகிற அன்று எங்கள் பெண்கள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பது அதனால்தான். அக்கரைக்காரரின் உள்ளங்கையிலும் அதே கறை ஏறியது. "அண்ணனுக்கு இனிப் பெண்ணு கிட்டாது" என்று கேலி செய்தார்கள். அது தொழில் விஷயம் இல்லையே, ஆகவே தாராளமாக மொழிபெயர்த்தேன். ஏற்கெனவே கிடைத்தவள் துரத்தாமல் இருந்தால் போதும் என்று அவர் பதில் சொன்னார்.

அவர் புறப்படுகிற அன்று முதலாளி சரிகை நேரியல் போர்த்தி, ஒரு டின் நிறைய நொறுக்குப் பருப்பு கொடுத்து, கடலின் இரண்டு கரைகளைப் பற்றி மறுபடியும் பேசினார். அக்கரைக்காரர் நன்றியோடு முதலாளியின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதலாளி குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். விறகு வண்டி ஓட்டிய காலத்திலிருந்து அவர் அறிந்த கறை அது. பேச்சு நின்றுபோயிற்று. கார் கண்மறையும் வரை கும்பிட்டபடியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளே, நீ என்ன பறஞ்சே?"

"நான் ஒண்ணும் பறயல்ல, முதலாளி. வெறுங்கையோட இருந்தா கண்ணு படும்லா? அதான் பெண்ணுங்க தட்டச் சொன்னாங்க."

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று பயந்தேன். அனுப்பவில்லை. அடுத்த மூட்டைக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டுமே.

அக்கரைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. மூட்டைகள் நேராகவே வந்தன, அடுத்த வருஷமும் வந்தன. பத்துப் பெண்கள் உட்கார்ந்து தட்டினால் அவர் ஊர்க் கொட்டையில் ஒரு மூலைகூடத் தீராது. முதலாளியும் பயந்தார், நானும் பயந்தேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சாய்ப்பைப் பூட்டாமல் வேலை நடந்தது. வறுப்புச் சாய்ப்பின் சாக்குத் திரை மழையில் மக்கித் தானாகவே கிழிந்து விழுந்தது.

எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த மாசம் அது. ஊரெல்லாம் எல்லையைப் பற்றியே பேச்சு. அப்போது வந்த மூட்டைகளோடு ஒரு தகர டின்னும் வந்தது. மேலே இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாசித்தேன்: தல்லுச் சாய்ப்புப் பெண்களுக்கு, என் மனைவியும் அவளோடு தட்டுகிற பெண்களும் அனுப்புவது.

"எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார் முதலாளி.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை.

சாய்ப்பில் துணி விரித்து டின்னைக் கொட்டினார்கள். உடனே தின்பார்கள் என்று நான் நினைத்தேன். அவர்களோ பழக்க தோஷத்தில் முழுசு ஒரு பக்கம், இரண்டாகப் போனது ஒரு பக்கம் என்று தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். முழுசுதான் அதிகம். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தல்லு நம்ம தல்லாக்கும், ஒரு கீறல் இல்ல. அவளுக்க கை சுகமாயிட்டு." பிறகு பருப்பின் முதுகுப் பக்கத்தைத் தடவினாள். "வறுப்பு கொள்ளாது. தீ கூடிப்போச்சு, கருகியிருக்கு."

வறுப்பை அவருக்கு யாரும் காட்டவில்லை, காட்டியிருந்தால் கருகியிருக்காது. அன்று சாயங்காலம் வாழ்நாளில் முதல்முறையாக எல்லோரும் வேலை நேரத்தில் வாயசைத்தார்கள். சோதனைக்காரிக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அக்கா மட்டும் தன் பங்கைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். சோதனைக்காரி தடுத்தாள்.

"இது அக்கரை அண்ணன் அனுப்பினது. எனக்க மகளுக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பருப்பு கேட்டத் தாண்டப்பிடாது" என்றாள், வாய்க்குள் இருந்ததை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். எல்லாப் பருப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எது அக்கரையிலிருந்து வந்தது, எது தன்னுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறுத்த கையில் ஒரு முழுப்பருப்பு. முதலாளி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் இருந்த கருகலைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இது யாரு வறுத்தது? உருளைய ஒழுங்காச் சுத்தாம தீயக் கூட்டிப் போட்டிருக்கான். நான் வறுத்தா இப்பிடி இருக்குமா? நாலு பேரு பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? இது நமக்க சரக்கே இல்ல. கொண்டு போ, கொண்டு போ."

முதலாளி சாக்குத் திரை கட்டாமல் இருந்திருந்தால் அன்று அந்தப் பருப்பு வெளியே போயிருக்காது. இதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தொழிலைப் பற்றிப் பேசக் கூடாது என்ற உத்தரவை நினைத்து அடக்கிக்கொண்டேன். அக்கா பருப்பை விரித்த கையிலேயே வைத்துக்கொண்டு, யாருக்கும் மறைக்காமல் கேட்டைத் தாண்டி நடந்தாள். நான் என் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"கரிஞ்ச மணம் இருக்குல்லா? நம்ம அடுப்புல சுட்டது போலத்தான் இருக்கும்மா, நீ பறஞ்சது சரிதாண்ணு சொன்னா" என்றாள் அக்கா. இவ்வளவு காலம் சொன்ன பொய் மெய்யாகிவிட்டதே என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"ஆனா எனக்க கையில பின்னயும் ஒண்ணு இருக்காண்ணு வெரல விரிச்சு விரிச்சுப் பாத்தா, ஏட்டி."